பிறநாட்டுப் பயணத்தில் உண்டி
(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று எமக்கு விடுக்கப்பெற்ற பொருள் பிறநாட்டுப் பயணத்தில் உண்டி என்பது. இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் பண்டிதன் ஒருவனுக்கு இப்பொருள் யாங்ஙனம் பொருந்தும் என்று உங்களிற் சிலர் புன்முறுவல் செய்வது எமக்குத் தெரிகின்றது. தலைவர் அவர்கள் இதனை எம்பால் விடுத்தமைக்குக் காரணம் உண்டு. நம் சங்கப் பயணக் குழுவார் பினாங்கும் சிங்கப்பூரும் கண்டு வருதற்கு எட்டு நாட் பயணம் ஒன்றை வகுத்துச் சுற்றறிக்கை விடுத்துள்ளனர். அவ்வறிக்கையில், "மூன்று வேளையும் நம் ஊர் உணவே, சமையற்காரர் உடன் வருவார்" என்னும் வரி மிகப் பெரிய எழுத்தில் அச்சிடப் பெற்றுள்ளது. காணப்போகும் இடங்களின் பெயர்களெல்லாம் அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் உள. சென்ற கோடை விடுமுறையில் எம் தமையனார் மகன் அழைப்பிற்கிணங்கி யாமும் எம் மனைவியாரும் அவ்விரு ஊர்களிலும் 19 நாள் தங்கி வந்தோம். அது பற்றித் தலைவரிடம் உரையாடியபோது அவ்வரியைப் பற்றி யாம் கூறிய சில சொற்களே இன்று எம்மை இம்மேடையில் ஏற்றிவிட்டன.

குழுவாரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. முதியோர்க்கு வயிற்றுக் கோளாறு வருமே, புலால் உண்ணாதார் பட்டினி கிடக்க நேருமே என்னும் பரிவினாலேயே அவ்வேற்பாடு எழுந்தது. எனினும் எட்டு நாளும் இருபத்து நான்கு வேளையும் நம் வீட்டுச் சாம்பாரையே உண்டு திரும்புவோர் அந்நாட்டைக் கண்டவராவாரா என்பது எம் ஐயம். கட்டடங்களைக் கண்டிருப்பர், மக்களைக் கண்டிரார்.

இதற்கு நம் பழந்தமிழ் நூல்களிலேயே நல்ல சான்று உண்டு. ஆற்றுப்படை என்பது யாது? முன்னர்ச் சென்று பரிசில் பெற்று வந்தான் ஒருவன், இனிச் செல்லவிருப்பானுக்கு வழி கூறுதல். இக்காலத்து வழிகாட்டி நூல்களுக்கு அதனை முன்னோடி என்று சொல்லத் தடையில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள். இன்ன மலை, இன்ன காடு, இன்ன துறை என்று சொல்லுமிடமெல்லாம், அவ்விடத்து மக்கள் நினக்கு இன்னது உண்ணத் தருவர் என்று புலவர் சேர்த்தே சொல்லிச் செல்கின்றார். எயினர் குடியிருப்பில் செந்நெற் சோறும் உடும்பின் பொரியலும். ஆயர் பாடியில் தினைச்சோறும் பாலும். உழவர் ஊரில் வெண்சோறும் கோழியும். வலைஞர் குடியில் மீன். அந்தணர் இல்லத்தில் கறிவேப்பிலையும் மிளகும் கூட்டி வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாங்காய் ஊறுகாயும். ஒரே பாணன், ஒரே பயணம்! வேட்டுவன் குடிலிலும் அவனுக்கு ஊண் உண்டு. அந்தணன் மனையிலும் உண்டு. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போ என்று புலவர் யாண்டும் கூறினாரில்லை. நில இயல்பை உணவினாலேயே அவர் காட்டினார். மாணவர்க்கு ஐந்திணைக் கருப்பொருள் கற்பிக்கும்போது உணவை ஒரு கருப்பொருளாக எண்ணச் சொல்கின்றோம். ஆனால் பயணம் போகும்போது மட்டும் அதனை மறந்துவிடுகின்றோம்.

அதே புலவர் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களை எண்ணுமிடத்து, ஈழத்திலிருந்து உணவுப்பொருள் வந்ததையும் காழகத்திலிருந்து பிற பொருள் வந்ததையும் குறிக்கின்றது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கூறுவர். கடாரமே இன்றைய கெடா. அக்கெடாவின் கரையை ஒட்டிக் கடலினுள் கிடக்கும் தீவே பினாங்கு. 1786 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் அதில் குடியேற்றம் அமைத்து, அந்நகர்க்குச் சார்ச்சு டவுன் என்று பெயரிட்டார். நம்மவர் பெருந்தொகையினராய் ஆண்டுச் சென்றது அதன் பின்னரே. எம் இளமையில் எம் பாட்டனார், நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பலேறிய கதையைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதன் பின்னர் ஓடிய சிதம்பரம் என்னும் கப்பலில் 1985-இல் தீ நேர்ந்தது. அதனோடு அக்கடல்வழியும் நின்றது. இன்று திருச்சியிலிருந்து வானவூர்தியில் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர் சேர்கின்றோம். கப்பலில் ஒருவார காலம் செல்லும்போது உடன் வருவோரின் பேச்சும் உணவும் சிறிது சிறிதாகப் பழகிவிடும். வானவூர்தியிலோ நம் ஊர் உணவின் மணம் கையினின்று நீங்குமுன் வேற்றுநாட்டில் இறங்கிவிடுகின்றோம். பழகுதற்கு இனி அங்குள்ள நாட்களே உள.

பினாங்கு சென்ற முதல்நாட் காலையில், எம்மை அழைத்துச் செல்ல வந்த தமிழர் ஒருவர், "பசியாறினீர்களா?" என்று வினவினார். யாம் வியந்து நின்றோம். காலையுணவு கொள்ளுதலை அந்நாட்டுத் தமிழர் பசியாறுதல் என்று வழங்குகின்றனர். நம் ஊரில் ‘டிபன்’ ஆயிற்றா என்று கேட்கின்றோம்! நல்ல தமிழ்ச்சொல் ஒன்று கடல் கடந்து போய்ப் பிழைத்திருக்கின்றது.

அவர் எம்மை அழைத்துச் சென்ற இடம் தமிழ் முசுலிம் ஒருவர் கடை. அத்தகைய கடைகளை ஆண்டு மாமாக் கடை என்பர். நம் மாமா என்னும் உறவுச்சொல்லே மலாய் மக்கள் நாவில் மாமாக் ஆயிற்று. ஒரு நாட்டுக்குப் பிழைக்கச் சென்றவரை அந்நாட்டார் உறவுமுறை சொல்லி அழைக்கும்படி செய்தது, அவர் இட்ட உணவன்றி வேறென்ன? கடை முகப்பில் ஓர் இளைஞர் கோதுமை மாவுருண்டையை எண்ணெயில் தோய்த்துத் தட்டி, இரு கையாலும் பற்றிச் சுழற்றி வீசினார்; அது மெல்லிய துகிலாய் விரிந்தது; மடித்துக் கல்லிலிட்டு எடுத்து, இரு கையாலும் அடித்து அடுக்குகளைப் பிரித்துத் தந்தார். மலேசியாவில் இதனை ரொட்டி சானாய் என்பர். சிங்கப்பூரிலோ ரொட்டி பராட்டா. தேநீரைக் கட்டிப்பால் கலந்து ஒரு குவளையினின்று மற்றொன்றிற்கு ஒரு முழ உயரம் இழுத்து ஊற்றுகின்றனர். தே தாரிக் என்று அதன் பெயர். தாரிக் என்றால் இழுத்தல். நம் ஊர்த் தேநீர்க்கடையார் ஆற்றுதலும் இஃதும் ஒன்றே எனினும், நுரையில் அவர்கள் கை ஓங்கியே உளது.

நாசி கண்டார் என்பது பினாங்கிற்கே உரிய பெரும்புகழ் வாய்ந்த உணவு. நாசி என்றால் சோறு. முற்காலத்தில் நம் தமிழ் முசுலிம் வணிகர் காவுதடியின் ஒருபுறம் சோற்றுக் கலமும் மறுபுறம் குழம்புக் கலங்களுமாகத் தோளிற் சுமந்து, துறைமுகத்துக் கூலியாட்களுக்கு விற்றனர். காவிச் சுமத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே அவ்வுணவின் பெயராக நின்றது. இன்று காவுதடி இல்லை, கடைகள் உள, வரிசையில் நிற்போர்க்கும் குறைவில்லை. சோற்றின்மேல் நான்கைந்து குழம்புகளை ஒருங்கே ஊற்றச் சொல்லுதற்கு ‘பாஞ்சிர்’ என்கின்றனர். பாஞ்சிர் என்றால் வெள்ளம். புலால் உண்ணும் எம் உறவினர் ஒருவர் அவ்வெள்ளத்தில் இறங்கி, நெடுநேரம் கரையேறவில்லை.

சொற்களைப் பற்றி ஈண்டு ஒரு சிறிது கூற எம்மை விடுங்கள். எம் தொழில் அது. கடை என்பது மலாயில் கெடாய். கப்பல் என்பது காப்பால். மாம்பழம் மெம்பெலாம். அப்பம் அப்பாம். குளம் கோலாம். பெட்டி பெத்தி. உணவுப் பட்டியலைப் படிக்கத் தொடங்கினால் பாதி நம் வீட்டுச் சொற்களாய் இருத்தல் காணலாம். நம் இடியாப்பத்தைப் புத்து மாயம் என்னும் பெயரால் விற்கின்றனர். தேங்காய்த் துருவலும், பனைவெல்லம் போன்ற குலா மெலாக்கா என்னும் வெல்லமும் தூவித் தருகின்றனர். ஆனால் எதிர்மாறாய் மயக்குவனவும் உள. ‘மாவ்’ என்பது மலாயில் வேண்டும் என்னும் பொருளது. எம் மனைவியார் மளிகைக் கடையில், "அரிசி மாவு, அரிசி மாவு" என்று இருமுறை கூற, கடைக்காரப் பெண்மணி, "ஆம், வேண்டுமெனில் எடுத்துக்கொள்ளுங்கள், எதனை?" என்னும் குறிப்பில் கையை விரித்து நின்றார்.

இனிச் சிங்கப்பூர்க்கு வருவோம். ஆண்டு நாம் காணத்தக்க இடம் யாது என்று எம்மை வினவினால், வானளாவிய கட்டடங்களை யாம் கூறோம். உணவங்காடி நிலையம் என்று கூறுவோம். இத்தமிழ்ச் சொல் எம் ஆக்கம் அன்று. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் அந்நாட்டில் வழங்கும் பெயரே இது. முன்னர் அந்நகரத் தெருக்களில் சீனரும் மலாய்க்காரரும் நம்மவரும் தள்ளுவண்டியிலும் காவுதடியிலும் உணவு விற்றனர். நீர் வசதியின்றிக் கழிவு கால்வாயிற் சேர்ந்தது. அரசாங்கத்தார் அவர்களைத் துரத்திவிடாமல், 1968-69-இல் பதிவு செய்து, 1971 தொடங்கி 1986 வரையில் சிறிது சிறிதாகக் கூரையும் குழாய்நீரும் கழிவுவாரியும் உடைய நிலையங்களிற் குடியேற்றினர். இன்று 110-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள. 2020 திசம்பரில் ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் இவ்வுணவங்காடிப் பண்பாட்டை மானிட இனத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. எனினும் அடுப்பின் முன் நிற்போரிற் பெரும்பாலார் முதியோர். காலை நான்கு மணிக்கு எழுந்து வெந்நீரும் அனலும் பொறுத்து உழைக்கும் அத்தொழிலைப் பிள்ளைகள் மேற்கொள்வது அரிதாகி வருகின்றது. இப்பொழுது கிடைக்கும் சுவை சில இன்னும் இருபதாண்டில் கிடைக்குமோ என்று எம் தமையனார் மகன் ஐயுறுகின்றான்.

தேக்கா என்னும் நிலையத்தில் ஒருநாட் பகல் யாம் அமர்ந்திருந்தோம். நிலத்தோடு பொருத்திய ஒரு மேசை, நான்கு இருக்கை. கூட்டம் மிகுதியாதலின் வெற்றிருக்கை உள்ள மேசையில் எவரும் வந்தமர்வர். கைக்குட்டைத் தாள் பொதி ஒன்றை இருக்கைமேல் வைத்துவிட்டுப் போனால் அவ்விடம் அவர்க்குரியது என்பது ஊர் வழக்கு. ஒருவரும் அதனைத் தொடார். எம் எதிரில் மலாய்ப் பெண்மணி ஒருவர் அமர்ந்து கோழிச்சோறு உண்டார். அவர்தம் அருகில் சீன முதியவர் ஒருவர் தம் நூலுணவில் பன்றியிறைச்சி இட்டு உண்டார். யாமோ தயிரும் காய்கறியும் இட்ட சோறு உண்டோம். மலாய்ப் பெண்மணிக்குப் பன்றி ஆகாது. எமக்குப் புலால் எதுவுமே ஆகாது. சீன முதியவர்க்கு ஆகாதது ஒன்றும் இருந்ததாகத் தோன்றவில்லை! மூவரும் தத்தம் நெறி வழுவாது, ஒரே மேசையில் உண்டெழுந்தோம். முசுலிம்களுக்குரிய உணவின் தட்டுகளைத் தனியாகவும் பிறவற்றின் தட்டுகளைத் தனியாகவும் வைக்க இருவேறு அடுக்குகள் உள. 2021 முதல் உண்டவர் தம் தட்டைத் தாமே திருப்பி வைத்தல் வேண்டும் என்பது ஆண்டுக் கட்டாயம். சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்த வங்கி அதிகாரி ஒருவர் தம் எச்சிற் கலத்தைத் தாமே ஏந்திச் செல்ல, அவர் பின்னே கட்டடத் தொழிலாளி ஒருவர் தம் கலத்தோடு சென்றார். நம் கல்யாணப் பந்தியில் எச்சிலிலை எடுப்பவர் யார் என்பதை யாம் ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அம்மேசையில் அமர்ந்திருந்தபோது எமக்குத் தெளிவானது ஒன்றை இப்பொழுது உங்கள்முன் வைக்கின்றோம். பிறர் இட்ட உணவைக் கண்டால் நம்மவர் இரண்டு வினாக்களைக் கேட்கின்றனர். இதனுள் என்ன கலந்துளது என்பது ஒன்று. இதனைச் சமைத்தவர் யார் என்பது மற்றொன்று. முதல் வினா முறையானது. ஒருவர் கொண்ட நோன்பைக் காத்தற்கு அஃது இன்றியமையாதது. கேட்கப்படுவோரும் அதனை இழிவாகக் கொள்ளார். இரண்டாவது வினாவோ பெரும்பாலும் வாயால் கேட்கப்படுவதில்லை, முகத்தால் கேட்கப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நம் நாட்டு இரயில் நிலைய உணவறைகளில் சாதி பற்றித் தனியிடம் வகுத்திருந்தனர். அப்பலகைகள் போயின. ஆனால், "சமையற்காரர் உடன் வருவார்" என்னும் வரியைப் படிக்கும்போது, முதல் வினாவிற்காகவா இரண்டாவதற்காகவா அவர் உடன் வருகின்றார் என்று எம் உள்ளம் வினவுகின்றது. சங்கத்துக் கூட்டத்தில் இதனைச் சொல்லலாமோ என்று வீட்டிலேயே எம்மைத் தடுத்தனர். சங்கத்துக் கூட்டத்தில் அன்றி வேறெங்குச் சொல்வது?

நம் குடும்பங்களில் புலால் உண்போரும் உளர், மறுத்தோரும் உளர். உண்போர்க்கு யாம் ஒன்றும் கற்பிக்க வேண்டா. கண்ணும் மூக்கும் வழிகாட்டும். புளியும் மீனும் கொதிக்கும் பினாங்கு லக்சாவின் மணம் தெருமுனையிலேயே அவரை நிறுத்திவிடும். மறுத்தோர்க்கு மட்டும் சில சொல்லுவோம். ஏனெனில், அவர்க்கு இடர் உண்மையாகவே உண்டு. பெலாச்சான் என்று ஒன்று உளது. சிற்றிறாலை உப்பிட்டு நொதிக்க வைத்து இடித்துக் கட்டியாக்கியது. கீரைப் பொரியலைக் கண்டு, கீரைதானே என்று கை வைத்தால் அதனுள் பெலாச்சான் இருக்கும். தேங்காய்ப்பாலும், தாழை இனத்து மணவிலையும் இட்டு ஆக்கிய நாசி லெமாக் என்னும் சோறு நமக்கு மிகவும் இனிப்பது. ஆனால் அதனோடு வைக்கும் சம்பலில் பெலாச்சானும், பக்கத்தில் நெத்திலியும் இருக்கும். ரொட்டி சானாயோடு தரும் பருப்புக் குழம்பில் சிற்சில கடைகளில் ஆட்டெலும்பு இட்டிருப்பர். தால்ச்சா என்று பெயர் சொன்னால் வினவிக்கொள்ளுங்கள். "புலால் வேண்டா" என்று மட்டும் சொல்லுதல் போதாது. மீனையும் இறாலையும் புலாலில் சேர்க்காதவர் உலகிற் பலர். ஆதலின் தனித்தனியே சொல்லுதல் வேண்டும். இறைச்சி டாகிங், மீன் ஈக்கான், இறால் ஊடாங். இம்மூன்றின் முன்னும் ‘தா மாவ்’ என்று சேர்த்தால் வேண்டா என்று பொருள்படும். முட்டை தெலோர். இந்நான்கு சொல்லும் அறிந்தார்க்குப் பட்டினி இல்லை. யாம் இவற்றைச் சொன்ன இடமெல்லாம் கடைக்காரர் முகம் மலர்ந்து, இஃது ஆகும், இஃது ஆகாது என்று கலங்களைத் திறந்தே காட்டினர்.

சீனர் கடையில் நமக்கு என்ன கிடைக்கும் என்று பலர் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் அறியாமையால் வந்தது. சீனருள் பௌத்த நெறியினர் பலர் புலாலை முற்றும் விலக்குவர். அவருட் பலர் வெங்காயமும் பூண்டும்கூடத் தொடார். நம்முள் எத்தனை பேர் அவ்வளவு கடுநோன்பினர்? மாதப்பிறப்பும் முழுமதியுமாகிய இருநாட்களில் மட்டும் புலால் விலக்குவாரும் மிகப் பலர். இதனைப் பினாங்குச் சீனர் ‘சியாக் சாய்’ என்பர். சீனமக்களின் ஒன்பதாம் திங்களில் ஒன்பது பேரரசர் விழா என்று ஒன்று ஒன்பது நாள் நிகழும். அந்நாட்களில் பினாங்குத் தெருக்களில் புலால் கலவாத உணவு விற்கும் கடைகள் மஞ்சட் கொடி கட்டி நிற்கும். குவே தியாவ் என்னும் அரிசிப்பட்டை உணவு, லக்சா, பொரித்த பணியாரங்கள், ஏனை நாட்களில் நாம் நெருங்கவொண்ணாதவை எல்லாம் அக்கொடியின்கீழ் நமக்கு உரியனவாகிவிடும். இவ்விழா பல ஆண்டுகளில் நம் நவராத்திரியோடு ஒருங்கே வருகின்றது. அவரும் நாமும் வெவ்வேறு காரணம் கூறி ஒன்பது நாளை விழாவாக எண்ணுகின்றோம். எம்மைக் கேட்டால், நம் சங்கப் பயணம் அந்நாட்களிலேயே அமைதல் வேண்டும்.

இனி, எம் தமையனார் மகன் வீட்டில் நிகழ்ந்த ஒன்று. அவன் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடொன்றில் வாழ்கின்றான். எம் அண்ணியாரும் அவனோடு உள்ளார். அடுத்த வீட்டில் சீன மூதாட்டி ஒருவர் இருக்கின்றார். அண்ணியார்க்குச் சீனம் தெரியாது, மூதாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் இருவர்க்கும் இல்லை. ஓராண்டாகத் தலையசைப்பும் நகைமுகமுமே பேச்சு. யாம் அங்கிருந்தபோது மூதாட்டியின் பேரனுக்குத் திங்கள் நிறைந்த நாள் வந்தது. குழந்தை பிறந்து ஒரு திங்கள் நிறைந்தால் அண்டை அயலார்க்கு அங் கூ குவே என்னும் செந்நிறப் பணியாரம் வழங்குதல் அவர் மரபு. ஆமை வடிவில் அச்சில் வார்த்து வாழையிலைத் துண்டின்மேல் வைத்து வேகவைப்பர். ஆமை நீண்ட வாழ்நாளுக்கு அறிகுறி. மூதாட்டி நான்கு பணியாரங்களைப் பெட்டியிலிட்டுக் கொணர்ந்து தந்தார். அண்ணியார் இரு கையாலும் பெற்று, நன்றி தோன்றத் தலைதாழ்த்தி, கதவடைத்தபின் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். இரண்டு நாள் அஃது அங்கேயே இருந்தது.

மூன்றாம் நாள் மூதாட்டி மின்தூக்கியில் எம் பேத்தியைக் கண்டு, பணியாரம் நன்றாயிருந்ததா என்று வினவியிருக்கின்றார். ஏழு வயதுக் குழந்தைக்குப் பொய் தெரியாது. "பாட்டி உண்ணவில்லை" என்று சொல்லிவிட்டாள். அன்று மாலை கதவு தட்டப்பட்டது. மூதாட்டி தம் மருமகளையும் அழைத்து வந்திருந்தார். மருமகள் ஆங்கிலத்தில் கூற, எம் தமையனார் மகன் மொழிபெயர்த்தான்: "நீங்கள் புலால் உண்ணீர்கள் என்று அத்தை அறிவார். உங்களுக்கென்று தனியே புதுக்கலத்தில் செய்தார். பன்றிக்கொழுப்புத் தொடவில்லை, கடலை எண்ணெய்தான். உள்ளே பாசிப்பருப்பும் சர்க்கரையும். மேலே பச்சரிசியைப் போன்ற ஒட்டரிசி மாவு. வேறொன்றும் இல்லை." மூதாட்டி ஒவ்வொன்றிற்கும் ஒரு விரலை மடக்கிக் காட்டினார். முகத்திற் சினம் இல்லை. தாம் ஏதேனும் தவறு செய்துவிட்டோமோ என்னும் கவலையே இருந்தது. அண்ணியார் யாதும் கூறாது உட்சென்று, பணியாரத்தை இட்டலிக் கொப்பரையில் மீண்டும் ஆவியில் வைத்துக் கொணர்ந்து, மூதாட்டியின் முன்னே அமர்ந்து உண்டார். முதற் கவளத்திலேயே, "இது நம் பூரணக் கொழுக்கட்டை அன்றோ!" என்றார். அது மொழிபெயர்க்கப்படவில்லை, அதற்கு வேண்டியதும் இல்லை. யாம் புறப்படும் நாளில் அண்ணியார் வெள்ளைத் துணி மூடிய தட்டில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாயிலில் நின்றார். அவர் அங்கு வைத்த அடி அதுவே முதல் என்று தமையனார் மகன் எம்மிடம் கூறினான். நம் சங்கத்துக் குடும்பங்களிற் பிள்ளைகள் பலர் அந்நாடுகளில் வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோர் ஆண்டுக்கொரு முறை சென்று ஆறு திங்கள் தங்குகின்றனர். அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டிகளின் மேல்தட்டு எப்படியிருக்கின்றதோ யாம் அறியோம்.

டுரியான் பழத்தைப் பற்றிக் கூறாது விடின் இளைஞர்கள் எம்மை மன்னியார். டுரி என்றால் முள், முள்ளுடையது டுரியான். பலாவைப் போன்ற தோற்றம். பலாவின் இனம் அன்று. பினாங்குத் தீவின் மேற்கேயுள்ள பாலிக் பூலாவ் தோட்டங்களில், சூன் முதல் ஆகத்து வரையில் மிகுதியாய்க் கிடைக்கும். மரத்தினின்று பறியார், முதிர்ந்து தானே இற்று விழும்வரை காத்திருந்து பொறுக்குவர். அதன் நாற்றத்தினால் சிங்கப்பூர் இரயிலில் அதனைக் கொண்டு ஏறுதல் தடுக்கப்பட்டுள்ளது. பழம் ஆதலின் நோன்பினர்க்கும் விலக்கில்லை. மறுத்தற்கு வேறு காரணம் தேடல் வேண்டும்! எம் மனைவியார் மூக்கைப் பற்றிக்கொண்டு ஒரு சுளை உண்டார். கையை எடுத்துவிட்டு இரண்டாவது சுளை உண்டார். யாம் ஒன்றோடு நிறுத்திக் கொண்டோம். பிறர்க்குச் சுவையாய் இருப்பதெல்லாம் நமக்கும் சுவையாதல் வேண்டும் என்னும் நியதியில்லை. வாயில் வைத்துப் பார்த்தபின் வேண்டா என்று கூறுதல் போதும்.

குடிக்கும் காப்பியிலும் ஓர் எச்சரிக்கை. கோப்பிக் கடையில் வாளா ‘கோப்பி’ என்றால் கட்டிப்பாலும் சர்க்கரையுமாய் வரும். ‘கோப்பி ஓ’ என்றால் பாலின்றி வரும். சர்க்கரை நோயுடையார் ‘கோசோங்’ என்று சேர்த்துச் சொல்க. வெறுமை என்பது அதன் பொருள். கொட்டையை வறுக்கும்போதே சர்க்கரை சேர்த்து வறுப்பராதலின் நிறம் கருமையாயிருக்கும். சீலைப் பையில் வடிப்பர். கும்பகோணத்துக் காப்பியை எதிர்நோக்கிப் பருகினால் ஏமாற்றமே. வேறொரு பானம் என்று பருகினால் மிக நன்று. இரண்டாம் நாளிலிருந்து யாம் அவ்வாறே பருகினோம்.

பயணக் குழுவார்க்கு எம் வேண்டுகோள் இதுவே. காலையும் பகலும் அவ்வூர்க் கடைகளில் உண்ணுமாறு ஏற்பாட்டை மாற்றுங்கள். இரவு ஒருவேளை, முதியோர் விரும்பினால், சிராங்கூன் சாலையிலும் பினாங்கு லெபோ பாசாரிலும் நம்மவர் நடத்தும் நல்ல சைவ உணவகங்கள் உள. இட்டலியும் சோறும் ஆண்டே கிடைக்கும். அரிசி மூட்டை சுமக்க வேண்டுவதில்லை. மேற்கூறிய மலாய்ச் சொற்களைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொருவர்க்கும் ஒரு சிற்றட்டை தருதற்கு யாம் பொறுப்பேற்கின்றோம். உடன் வருவதாகச் சொன்ன சமையற்காரர் இக்கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கின்றார். நம் வீட்டுத் திருமணங்களுக்கு முப்பதாண்டாய்ச் சமைத்து, நாம் உண்டபின் உண்டவர் அவர். அவர் பெயரை எடுத்துவிடுங்கள் என்று யாம் கூறவில்லை. கரண்டியை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்; தேக்காவில் எம் எதிர் இருக்கையில் அமர்ந்து, பிறர் சமைத்ததை உண்டு, அந்த ரொட்டி வீசும் கைத்திறத்தைப் பற்றி அவர் என்ன சொல்கின்றார் என்று கேட்க எமக்கு ஆவலாயிருக்கின்றது. அவர்தம் பயணச் செலவிற் பாதியை எம் கணக்கில் எழுதிக்கொள்ளுமாறு செயலாளரை வேண்டுகின்றோம்.